மிதிபடாத இடம்

கிழங்கு உரித்து வைக்கப்பட்டிருந்தது.

ருக்மணி அடுப்படியில் குந்திக்கொண்டு அதையே பார்த்தாள். நேற்று அந்தி சாய்கிற நேரத்தில் கொல்லையிலிருந்து நான்கு மரவள்ளிக் கிழங்குகளைப் பிடுங்கிவந்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல், கை கழுவக்கூடத் தெம்பில்லாமல், மூலையில் போட்டுவிட்டு அம்மாவின் பாயோரம் விழுந்து தூங்கிப்போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது நான்கும் தோல் நீங்கி, வெள்ளை வெளேரென்று முறத்தில் கிடந்தன. பக்கத்து வீட்டு அஸ்மா மாமியின் சுவர்க்கடிகாரம் ஏழு அடித்தது பலகைச் சுவர் வழியாகக் கேட்டது. வெளியே இன்னும் இருட்டு. ஜப்பான்காரன் வந்த கையோடு மலாயா முழுவதற்கும் தன் ஊர் நேரத்தை வைத்துவிட்டான். கடிகாரங்கள் எல்லாம் பயந்துபோய் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடின. சூரியன் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அம்மா எழுந்துவிட்டாள்! பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறென்ன நினைக்கும்? விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

அம்மா பொன்னம்மா படுக்கவைத்த மேனிக்கே படுத்திருந்தாள். நேற்று ருக்மணி அவள் முழங்காலுக்குக் கீழே அண்டக்கொடுத்த பழந்துணிப் பொட்டலம் அசையாமல் அப்படியே இருந்தது. கால்கள் வீங்கிப் பளபளத்தன. ருக்மணி விரலால் மெல்ல அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. இந்தக் காலை ஊன்றி யாரும் அடுப்படிவரை போயிருக்க முடியாது.

திரும்பிவந்து தோலைப் பார்த்தாள். அடுப்போரம் சின்னக் குவியலாகக் கிடந்தது. கத்தியால் சீவினால் தோல் பட்டை பட்டையாக வரும். இது அப்படி வரவில்லை. நார் நாராக, சுரண்டிச் சுரண்டி எடுத்ததுபோல் இருந்தது. கிழங்கின் வெள்ளைச் சதையில் நெடுக மெல்லிய கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு அரிசியின் அகலம்கூட இல்லை. ருக்மணி தன் நகத்தை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் நகம் மூன்று கோடுகளை மூடியது.

பேய், பிசாசு என்று நினைக்கவும் நேரம் வேண்டுமே. அவளுக்கு அது இல்லை. கிணற்றில் நான்கு நடை தண்ணீர் எடுக்க வேண்டும், அம்மாவுக்கு உடம்பு துடைத்துத் துணி மாற்ற வேண்டும், அந்தத் துணியைச் சாம்பல் போட்டுத் துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், அரிசிக் கார்டை எடுத்துக்கொண்டு போய் வெயில் உச்சிக்கு வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும், திரும்பி வந்து கொல்லையில் கிழங்குக் குச்சி நட வேண்டும். கிழங்கை எலி கடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகவைத்தாள். அம்மாவுக்கு ஊட்டினாள், தானும் தின்றாள். ருசியில் ஒரு குறையும் இல்லை.

அவர்கள் குடியிருந்த தெருவின் பேர் காஜா பெராங். மலாயில் கோபம் கொண்ட யானை என்று அர்த்தம். பேரில்தான் யானை. அந்த வருஷம் அந்தத் தெருவில் நாய்கூட எலும்பும் தோலுமாகத்தான் திரிந்தது. ருக்மணியின் அப்பா மருதமுத்து பாசார் சந்தைக்குச் சாமான் ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். முதலில் மாட்டைக் கொண்டுபோனார்கள், பிறகு வண்டியை, கடைசியில் அவரையும். சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் வேண்டுமாம். லாரியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு அவர் கத்தினார், "ருக்கு! அம்மாவப் பாத்துக்கம்மா! நான் வர்ற வரைக்கும் நீதான்!" லாரி திரும்பி மறைந்தது. அந்த ஒரு வார்த்தையை அவள் இடுப்பில் முடிந்துகொண்டாள். அப்பா வரும்போது அம்மா உயிரோடு இருக்க வேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறு வேண்டுதலே இல்லை.

அப்பா போகும்போது பொன்னம்மா முழுகாமல் இருந்தாள். அவர் போன கொஞ்ச நாளில் கால் வீங்கிப் படுத்துவிட்டாள். மாதம் நிறைந்து, அஸ்மா மாமிதான் பிரசவம் பார்த்தாள். பெண் பிள்ளை. அழவில்லை. மாமி தலைகீழாகத் தூக்கித் தட்டினாள், வாயில் ஊதினாள், அல்லாவைக் கூப்பிட்டாள். அது அழவேயில்லை. புதைகாட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை, தெருமுனையில் சோல்ஜர்கள் நின்றார்கள். ரத்தம் நிற்காமல் மயங்கிக் கிடந்தவளை விட்டு மாமியாலும் நகர முடியவில்லை. ஆகவே அதுவும் ருக்மணியின் வேலையாயிற்று. அப்பாவின் வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். கொல்லைக் கோடியில், வாழைக்கு அப்பால், கிழங்கு கிண்டும் குச்சியாலேயே குழி தோண்டினாள். நாய் கிளறாமல் இருக்கச் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டாள். செய்யவேண்டிய சடங்கு ஏதாவது இருந்திருக்கும். அவளுக்கு யார் சொல்வது? வாயில் ஒரு சொட்டுப் பால்கூடப் படாமல் பிள்ளை மண்ணுக்குள் போனது.

மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லாத பால். மார்பு கல்லாகி, காய்ச்சல் அனலாக அடித்தது. பீய்ச்சித்தான் ஆகவேண்டும். பொன்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரட்டையில் பீய்ச்சிக் கொடுத்தாள்.

"இத கண்ட எடத்துல ஊத்தக்கூடாதும்மா," என்றாள் மூச்சு வாங்க. "நெருப்புல படக்கூடாது. மிதிபடுற எடத்துல விடக்கூடாது. ஓடுற தண்ணில விட்டுடு. ஓடுற தண்ணி இல்லன்னா, யார் காலும் படாத எடமா பாத்து ஊத்து."

ஓடுகிற தண்ணீர் வேலிக்குப் பின்னால் இருந்தது. ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் கால்வாய். ஆனால் மாசி மாதத்தில் ஒருநாள் ருக்மணி அங்கே குடத்தோடு போனபோது, தண்ணீரில் ஒரு ஆள் குப்புறக் கிடந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். பிறகு அந்தப் பாதையில் அவள் கால் வைக்கவில்லை. யார் காலும் படாத இடம் வேறெங்கே? நடக்கிற இடம், நடுகிற இடம், கோழி கிளறுகிற இடம் என்று கொல்லை முழுக்க மிதிபட்ட மண்தான். ஒரே ஒரு இடத்தில்தான் யாரும் மிதிப்பதில்லை. அவளே முள் போட்டு வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து நாள்தோறும் விளக்கு வைக்கும் முன்னால் அங்கேதான் ஊற்றினாள். அம்மா சொன்னதில் எதையும் மீறவில்லை என்றுதான் நினைத்தாள். தங்கச்சிக்கும் ஒரு வாய் கிடைத்ததாக இருக்கட்டுமே என்ற நினைப்பும் உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது, பொய் சொல்வானேன்.

கிழங்கு உரிந்து கிடந்தது, பிள்ளையைப் புதைத்த இருபத்தோராம் நாள் காலையில்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. ஒரு காலை, காலியாக வைத்துவிட்டுப் படுத்த பானையில் கால்வாசி தண்ணீர் நின்றது. கிணற்றடியிலிருந்து அடுப்படிவரை ஈரத்தடம். காலடியாக இல்லை, ஏதோ வயிற்றால் இழுத்துக்கொண்டு வந்ததுபோல் அகலமாக, நடுவில் சேறு பூசி. ஒரு காலை, விறகுச் சுள்ளிகள் ஒடித்து அடுக்கியிருந்தன. வெட்டிய முனை ஒன்றுகூட இல்லை, எல்லாம் முறுக்கிப் பிய்த்தவை. ஒரு காலை, அடுப்புச் சாம்பல் வாரிக் குவித்திருந்தது. குவியலின் பக்கத்தில், சாம்பலில் பதிந்து, ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக. ருக்மணியின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு.

அவள் அதைக் காலால் அழித்தாள்.

ஐந்து நாள் கழித்து மறுபடியும் ஒன்று. இந்தத் தடவை அவள் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை, விரல் நுனிகள் வெளியே நீண்டன.

அம்மாவிடம் கேட்கலாமா என்று வாயெடுத்த நாளில் அம்மாவே முந்திக்கொண்டாள்.

"ருக்கு, ராத்திரியெல்லாம் கால் பிடிச்சுவிட்டியே, தூங்கவேயில்லையா நீ?"

ருக்மணி கஞ்சிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் அந்தி சாய்ந்ததும் படுத்தவள், விடிந்துதான் எழுந்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றாள் பொன்னம்மா கண்ணை மூடிக்கொண்டு. "கைதான் சில்லுனு இருந்துச்சு. மண்ணுல வேல செஞ்சா கழுவிட்டு வந்து படுக்கக்கூடாதா?"

அம்மாவின் கெண்டைக்காலைப் பார்த்தாள். வீங்கிய சதையில் வரிசையாகக் குழிகள். சின்ன விரல்கள் அழுத்தி எடுத்த குழிகள், எழும்பாமல் அப்படியே நின்றன. நக இடுக்கிலிருந்து உதிர்ந்த கறுப்பு மண் அதில் ஒட்டியிருந்தது.

"சரிம்மா, கழுவிட்டு வரேன்," என்றாள் ருக்மணி.

ஏன் அப்படிச் சொன்னாள்? அதைத்தான் பிறகு அவள் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது. உண்மையைச் சொன்னால், அவள் தூங்கியிருந்தாள். அப்பா போன ஐந்து மாதத்தில் முதல் தடவையாக முழுசாகத் தூங்கியிருந்தாள். தோள்பட்டை வலி குறைந்திருந்தது. வரிசையில் நிற்கும்போது கண் இருட்டவில்லை. ஆற்றோடு அடித்துக்கொண்டு போகிறவனுக்குக் கையில் அகப்பட்டது கயிறா பாம்பா என்று பார்க்கத் தோன்றுமா? அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்று அந்தியில் சிரட்டையோடு கொல்லைக்குப் போனபோது காற்றே இல்லை. வாழை இலைகள் தொங்கிக் கிடந்தன. தெருக்கோடிக் கடைக்காரர் ரஹீம் பாய் கடையை அடைக்கும் பலகைச் சத்தம் தெருப்பக்கம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஓய்ந்தது. மண் வாசனைக்கு நடுவில் ஒரு புளித்த வாடை, கழுவாத பால்பாத்திரத்து வாடை, முள்ளுக்குள்ளிருந்து வந்தது. சுற்றிலும் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்திருக்க, அந்த ஒரு முழ மண்ணில் மட்டும் ஒரு தளிர் இல்லை. மண் பொலபொலவென்று, அன்றைக்குத்தான் கொத்திவிட்டதுபோல் கிடந்தது. முட்கிளைகள் ஒருபக்கம் விலகியிருந்தன. வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. உள்ளேயிருந்துதான்.

அவள் குனிந்து ஊற்றினாள். வழக்கமாகப் பால் வெள்ளையாகத் தேங்கி, மெல்ல ஊறி, மறையும். இன்று தேங்கவில்லை. விழ விழ இறங்கியது. கூடவே ஒரு சத்தம். களக். களக். நடுவில் மூச்சு விட ஒரு நிறுத்தம். மறுபடியும் களக்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழாமலே குடித்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடியிருக்கலாம். சிரட்டையை வீசியிருக்கலாம். ஆனால் கடைசிச் சொட்டுவரை சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயோ பாவம் என்றிருந்தது. செத்துப் பிறந்த பிள்ளைக்குக்கூட இந்த வீட்டில் ஓய்வில்லை. உயிரோடு பிறந்தவள் அடுப்படியில் கிடக்கிறாள் என்றால், உயிரில்லாமல் பிறந்தவளும் வந்து தண்ணீர் தூக்குகிறாள்.

"நாளைக்கும் கொண்டாறேன்," என்று மண்ணைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

கொண்டுவந்தாள். மறுநாளும், அதற்கு மறுநாளும். ஒரு சிரட்டை இரண்டாயிற்று. பிறகு சின்னச் சட்டி. அம்மாவுக்குப் பால் வற்றவேயில்லை, ஊறிக்கொண்டே இருந்தது. தின்பதெல்லாம் கிழங்கும் கொழுந்தும், கார்டில் கிடைக்கிற ஒரு பிடிப் புழுத்த அரிசியும். இத்தனை பால் எங்கிருந்து வருகிறது என்று ருக்மணி யோசிக்காமல் இல்லை. கண்ணெதிரேதான் தெரிந்தது. கால்வீக்கம் வடிந்தது, அதைக் கண்டு ஒருநாள் அவள் சாமி கும்பிட்டாள். வீக்கத்தோடு சதையும் வடிந்தது. கன்னம் ஒட்டியது. காறையெலும்பு துருத்தியது. கை வளையல் முழங்கைவரை தளர்ந்து ஓடியது. தூக்கி உட்காரவைக்கும்போது அம்மா ஒரு கூடைத் துணியின் கனம்கூட இல்லை.

நாற்பதாம் நாள் அஸ்மா மாமி தவிடு கொண்டுவந்தாள். கால்வீக்கத்துக்குத் தவிட்டுக் கஞ்சி நல்லது என்று எங்கோ கேட்டிருந்தாள். உள்ளே வந்தவள் பொன்னம்மாவைப் பார்த்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பாயோரம் இருந்த சட்டியைப் பார்த்தாள். அது நிறைந்து நுரைத்திருந்தது.

"என்ன புள்ள இது? இன்னுமா பால் வருது?"

"ஆமா மாமி."

"குடிக்க ஆளில்லாத பால் பத்து நாள்ல வத்திப்போவும். குடிச்சாத்தான் ஊறும்." மாமி அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துவந்தாள். குரல் இறங்கிவிட்டது. "எங்க ஊத்துற நீ?"

ருக்மணி சொன்னாள். மாமியின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். மாமி கொல்லைக் கதவைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அடுக்கியிருந்த பிய்ந்த விறகைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பசிக்கு ருசி காட்டிட்டியே புள்ள," என்றாள். "இன்னையோட நிறுத்து. கால்வாயில விடு. ஒரு சொட்டு அங்க விழக்கூடாது. கேட்டியா? இல்லன்னா உங்கம்மா இல்ல."

மாமி போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குள் வரவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்றே கூப்பிட்டாள்.

ருக்மணி அன்று பட்டப்பகலில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கால்வாய்க்கு இறங்கினாள். சட்டியைக் கவிழ்த்தாள். பால் வெள்ளை நூலாக நீண்டு, கலங்கல் தண்ணீரில் கரைந்து போயிற்று. திரும்பி வரும்போது முள்வேலிப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அங்கிருந்து ஏதோ தன்னைப் பார்க்கிறது என்று. "தப்பா நினைச்சுக்காத," என்று முணுமுணுத்தாள். "எனக்கு அம்மா வேணும்."

மறுநாள் காலை பானை காலி. கிழங்கு மண்ணோடு கிடந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். விட்டுவிட்டு நான்கு நடை தண்ணீர் எடுத்தாள்.

இரண்டாம் நாள் அந்தியில் சத்தம் கேட்டது.

பலகைச் சுவரை ஒட்டி, வெளியே, கீழே. தரையை உரசிக்கொண்டு எதுவோ நகர்கிற சத்தம். சற்று நகரும், நிற்கும். நிற்கும்போது பலகை இடுக்கில் மூச்சு. உறிஞ்சி உறிஞ்சி முகர்கிற மூச்சு. அடுப்படி மூலையில் தொடங்கி, உள்ளறைச் சுவர் நெடுக வந்து, அம்மாவின் தலைமாட்டுக்கு நேராக வெகுநேரம் நின்றது. ருக்மணி சன்னலைச் சாத்தித் துணியால் கட்டினாள். கொல்லைக் கதவுக்கு அம்மிக்கல்லை இழுத்து அண்டக்கொடுத்தாள். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் காதைப் பொத்தினாள். பொன்னம்மா அந்தக் கையை விலக்கினாள்.

"பிள்ள அழுவுதே, கேக்கலையா உனக்கு?"

"ஒண்ணும் அழுவல. தூங்கும்மா."

"பசிக்கு அழுவுது." அம்மாவின் மார்புத்துணி தொப்பலாக நனைந்து, பால் பாயில் வழிந்துகொண்டிருந்தது. காய்ச்சலில் கண் பளபளத்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. அப்பா போன பிறகு ருக்மணி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. "எடுத்தாம்மா. எத்தன நாளா வெளியில போட்டு வச்சிருக்க?"

ருக்மணிக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அந்த மூச்சைத் தவிர.

அன்றிரவு அவள் உட்கார்ந்தே விடியவைத்தாள். விடிந்ததும் வேலை, வேலை முடிந்ததும் வரிசை, வரிசையில் அரிசி தீர்ந்து வெறும் பையோடு வீடு. அம்மாவுக்கு உயிர் இருந்தது. அதுபோதும். பால் பீய்ச்சி எடுத்துக் கால்வாயில் விட்டுவிட்டு வந்தாள். பிற்பகலில் வானம் இடிந்து விழுவதுபோல் மழை பிடித்தது. அத்தாப்பு ஓலைக் கூரையில் அந்த இரைச்சல் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உமி புடைப்பதுபோல் விழுந்தது. வீட்டுக்குள் அந்தி வந்துவிட்டது. கூரை ஒழுகிய இடத்தில் சட்டியை வைத்தாள். சன்னல் கட்டை இறுக்கினாள். அம்மியைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தாள்.

நினைத்துக்கொண்டே மூடினாள். பெரியவர்களே தாங்காத விழிப்பு அது. அவள் பிள்ளை.

மழை விட்டிருந்தது.

எதனால் விழித்தோம் என்று முதலில் புரியவில்லை. அமைதி. ஓலை நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர். வெளியே வெயில் திரும்பிவந்து, பலகை இடுக்குகள் வழியாகக் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. அம்மாவின் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது.

சில்லென்று இருந்தது.

கொல்லைக் கதவுப் பக்கம் பார்த்தாள். அம்மி நகர்த்தி ஓரமாக, ஒழுங்காக, வைக்கப்பட்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. வாசற்படியிலிருந்து பாய்வரை சேறு.

களக்.

பக்கத்தில். மிகவும் பக்கத்தில்.

அவள் கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். அம்மாவின் மேல் ஒரு முதுகு குனிந்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் முதுகு. ஈர மண் அப்பி, முள் கிழித்த கீறல்கள். ஒரு கீறலிலும் ரத்தம் இல்லை. இடுப்பில் அப்பாவின் வேட்டிக் கிழிசல். அம்மாவின் இன்னொரு கை அதன் தோளைச் சுற்றிக் கிடந்தது. தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றுபோன கை. அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் திறந்திருந்தது. கண்ணில் ஒரு ஈ நடந்தது.

களக். பிறகு வறண்ட சத்தம். உறிஞ்சி, ஒன்றும் வராத சத்தம். மறுபடி. மறுபடி.

அது நிறுத்தியது.

தலையைத் தூக்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. கன்னத்தைத் தொட்டு அசைத்துப் பார்த்தது. அசையவில்லை. அந்தக் கையை ருக்மணி பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கிணற்றுக் கயிறும் விறகும் போட்ட காய்ப்பு, அவள் கையில் இருக்கிற அதே இடங்களில்.

அது மெல்லத் திரும்பியது.

அப்பாவின் நெற்றி. அம்மாவின் மோவாய். வாயோரம் வெள்ளையாக உலர்ந்த பால். கண் இருந்த இடத்தில் மண், மண்ணுக்குள் எங்கோ ஈரமாக ஒரு அசைவு. அது வீட்டைச் சுற்றிப் பார்த்தது. அடுப்பைப் பார்த்தது, பானையைப் பார்த்தது, கொடியில் காயும் துணியைப் பார்த்தது. யாரையோ தேடுவதுபோல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியாக ருக்மணியிடம் வந்து நின்றது.

அவள் சுவரோடு இன்னும் ஒடுங்கினாள்.

அது தவழ்ந்து வந்தது. அவள் பாவாடைக் கரையைப் பிடித்தது. முஷ்டிக்குள் இறுக்கிச் சுருட்டிக்கொண்டது. தலையை அவள் மடியில் வைத்தது. சேறு துணியில் ஊறிக் குளிர் தொடைக்கு ஏறியது. வாழ்க்கையில் ஒருமுறைகூட அழாத அந்தத் தொண்டை முதல் தடவையாகக் கரகரத்துத் திறந்தது.

"அம்மா," என்றது.

ருக்மணியின் வலது கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் கதறிக்கொண்டே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாகத் துடைத்தும், ஊட்டியும், தடவியும் பழகிய கை அது. அதற்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அந்த ஈர முதுகின்மேல் இறங்கி, மெல்ல, ஒரே சீராக, தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.